நாலரை மணிக்கு வண்டியை எடுங்கள்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒருநாள் உணவுச் சுற்றுலா நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம். உங்கள் தொழில் நன்றாக நடக்க வேண்டும் என்று விரும்புகிறவள் நான். உத்திரமேரூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணத்துக்கு அப்புறம் தாம்பரத்தில் குடியேறியவள். எங்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தேடி நகரத்து ஆட்கள் காசு கொடுத்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷமாக இருந்தது. போன கோடையில் உறவினர்களோடு அப்படி ஒரு சுற்றுலாவில் நானும் வந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. அதை நடத்தியவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. விசாரித்த வரையில் பலரும் ஏறக்குறைய அப்படித்தான் நடத்துகிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். கிராமத்துச் சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு, ஒரு மாதம் உண்டு. நீங்கள் அதை வண்டியின் வசதிக்கு வளைக்கிறீர்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

பதநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன வண்டி காலை எட்டரைக்குக் கிளம்பியது. தாம்பரம், செங்கல்பட்டு நெரிசலைத் தாண்டி மதுராந்தகம் பக்கம் போய்ச் சேரும்போது பதினொரு மணி. சாலையோரத்தில் ஒரு பிளாஸ்டிக் கேனில் ஐஸ் போட்டு வைத்திருந்ததைக் காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஐஸ் கரைந்து நீர்த்துப்போய், அடியில் இலேசான புளிப்போடு இருந்தது. 'இதுதான் பதநீரா?' என்று என் அண்ணன் மகள் கேட்டாள். அவள் அதற்கு முன் பதநீர் குடித்ததே இல்லை. இனி கேட்டுக் குடிப்பாளா என்பதும் சந்தேகம்தான்.

பனையேறி விடியும் முன்பே மரத்தில் இருப்பார். பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவிவிட்டால்தான் நீர் சுரந்துகொண்டே இருக்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார், இரவெல்லாம் சொட்டுவது புளித்துவிடாமல் இருக்க. அந்தச் சுண்ணாம்பும் சில மணி நேரம்தான் தாங்கும். வெயில் ஏற ஏறச் சுவை இறங்கும். கலயம் இறங்கியதும், தெளிந்ததை வடிகட்டி, பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றி, இரண்டு நுங்கை அதிலேயே பிதுக்கிப் போட்டுத் தருவார்கள். பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, ஓரத்தில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். ஓலையின் பச்சை வாசனையும் சுண்ணாம்பின் இலேசான காரமும் இனிப்போடு சேர்ந்து வரும். இது காலை ஆறு, ஆறரை மணிக்கு மரத்தடியில் கிடைப்பது. பதினொரு மணிக்கு எந்தக் கேனிலும் கிடைக்காது.

மதுராந்தகம் சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். நாலரைக்கு வண்டியை எடுத்தால் சாலை காலியாக இருக்கும், ஆறரைக்குள் மரத்தடியில் நிற்கலாம். அவ்வளவு சீக்கிரம் யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். திருப்பதிக்குப் போக விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து குளித்துக் கிளம்பும் ஊர் இது. எதற்காக என்று தெரிந்தால் வருவார்கள். நீங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. வருஷத்தில் சில மாதங்கள் கிடைக்கும் பதநீரும் நுங்கும்தான் பனையேறும் குடும்பத்துக்கு முக்கிய வருமானம். 2021-ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்லது. மரத்தை வெட்டாமல் காப்பாற்றிவிடலாம், ஏறுவதற்கு ஆள் வேண்டுமே? விடியற்காலையில் வந்து, நியாயமான விலை கொடுத்து, மரத்தடியில் குடித்துவிட்டுப் போகும் பத்துப் பேர் அந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய ஆதரவு என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், தயவுசெய்து உங்கள் விருந்தினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 'கள் கிடைக்குமா?' என்று அவரிடம் காதோடு கேட்கக் கூடாது. கேட்பவருக்கு அது விளையாட்டு. அவருக்குப் போலீஸ், வழக்கு, பிழைப்பு.

கூழுக்கு வருகிறேன். நாங்கள் போன சுற்றுலாவில் மத்தியானம் ஒரு விடுதியில் மண் சட்டியில் வரிசையாக வைத்து 'பாரம்பரிய கேழ்வரகுக் கூழ்' தந்தார்கள். அது அன்று காலை மாவைக் கொதிக்கவைத்து மோர் ஊற்றிய கஞ்சி. எங்கள் பக்கத்துக் கூழுக்கு முந்தாநாள் ராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைக்க வேண்டும். மறுநாள் நொய்யை வேகவைத்து, அதில் அந்தக் கரைசலை ஊற்றி, கை ஓயக் கிண்ட வேண்டும். அதையும் ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் உருண்டையாக எடுத்து, தண்ணீரோ மோரோ ஊற்றி, உப்புப் போட்டுக் கையால் கரைத்தால்தான் கூழ். கடிக்கச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மாங்காய்த் துண்டு. பக்கத்தில் முருங்கைக்கீரை, இல்லையென்றால் கருவாட்டுக் குழம்பு. புளிப்பு இல்லாத கூழைக் குடித்தவர் கூழையே குடிக்கவில்லை. ஆகவே ஒரு வீட்டில் கூழ் வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னால் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும், முன்பணமும் கொடுக்க வேண்டும். காலையில் போன் போட்டு 'பன்னிரண்டு பேர் வர்றோம்' என்றால் அவர் என்னதான் செய்வார்?

வண்டி வராமல் போனாலும் அந்தப் பணம் அவருடையதாக இருக்கட்டும். இரண்டு நாள் உழைத்து வைத்த கூழை வேறு யாருக்கு விற்பார்?

கருவாடு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கிராமத்துச் சாப்பாடு என்றால் வாழையிலையில் சாம்பார், பொரியல், அப்பளம், பாயசம் என்று யார் முடிவு செய்தது? ஏரிப் பாசனத்தில் வாழும் மாவட்டங்கள் இவை. பங்குனி, சித்திரையில் ஏரி வற்றும்போது விராலும் கெண்டையும் கெளுத்தியும் கூடை கூடையாக வரும். விராலைச் சாம்பலும் உப்பும் போட்டுக் கல்லில் உரசி உரசிக் கழுவி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, மறுநாள் காலை பழைய சோற்றுக்கு ஊற்றிச் சாப்பிடுவதை மிஞ்சிய சாப்பாடு எங்கள் வீட்டில் இல்லை. வயல் நண்டு ரசம், கருவாட்டுத் தொக்கு, ஆட்டுக் குடல் குழம்பு, எல்லாம் இங்கே தினசரி வாழ்க்கை. உங்கள் பட்டியலில் இவை இல்லாததற்குக் காரணம் சுவை இல்லை. எந்தத் தெருவில் வண்டி நிற்கும், எந்தத் தெருவுக்குள் போகாது என்பதுதான் காரணம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஏற்பாடு செய்யலாம். அதற்காக ஊரில் பாதிப் பேருடைய அடுப்பை இல்லாததுபோல் காட்டாதீர்கள்.

காஞ்சிபுரத்துக்கும் இதே கதைதான். சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர். எல்லாரும் போவது கோயில் இட்லிக்காக. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி என்பது கொரகொரப்பாக அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை விரித்த நீள மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. குடலையிலிருந்து வெளியே வரும்போது ஒரு முழ நீளத்துக்கு உருளையாக நிற்கும், இலையின் தடம் மேலே பதிந்திருக்கும். அதை வெட்டி வெட்டித் தருவார்கள். மாலை நாலு மணிக்கு ஏதோ ஓட்டலில் டம்ளரில் வெந்ததைக் கொடுத்து 'இதுதான் காஞ்சிபுரம் இட்லி' என்று சொல்வது கொடுமை. காலையில் போங்கள், கோயில் பிரசாதமாகக் கிடைத்தால் வாங்கித் தாருங்கள். பதநீரும் இதுவும் ஒரே நாளில் ஒத்துவராது என்றால் இரண்டு நாளாகப் பிரித்து இரண்டு சுற்றுலாவாக நடத்துங்கள். ஏழெட்டு இடங்களில் வண்டி நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூன்று இடம் போதும்.

பழவேற்காட்டுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். இறாலும் நண்டும் கரைக்கு வரும் நேரத்தில் அங்கே இருங்கள்.

மாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருஷம் முழுக்க ஒரே பட்டியலை அச்சடித்து வைக்காதீர்கள். தையில் வந்தால் புது அரிசி, மொச்சை, பனங்கிழங்கு. மாசிக்குப் பிறகு பதநீர், சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள், அண்டா அண்டாவாக, யார் வந்தாலும் ஊற்றுவார்கள். அதற்கு விலை வைத்து விற்காதீர்கள், வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். ஆவணியில் பனம்பழத்தைச் சுட்டுத் தின்னலாம். ஐப்பசி மழையில் எதுவும் உறுதி இல்லை, அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 'இந்த மாதம் நுங்கு இல்லை' என்று சொல்லிச் சுற்றுலா நடத்துகிறவரை நான் நம்புவேன். கார்த்திகையில் நுங்கு தருகிறேன் என்பவரை நம்ப மாட்டேன்.

நடைமுறையில் சில வேலைகள் பாக்கி இருக்கின்றன. ஒரு வீட்டு அடுப்படிக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள், நிற்க இடமிருக்காது. படம் எடுக்கும் முன் கேட்கச் சொல்லுங்கள், முக்கியமாகச் சமைக்கிற பெண்களை. சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாலரைக்குக் கிளம்பும் வண்டியில் பெண்கள் ஏறுவதும் ஏறாததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019-லிருந்தே தடை இருக்கிறது. பனையோலைப் பட்டையும் மந்தாரை இலையும் இருக்கும் ஊருக்குத் தூக்கியெறியும் கப்புகளைக் கொண்டுவராதீர்கள்.

கடைசியாக, பணம். ஆளுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பது உங்கள் அறிவிப்பில் இருக்கிறது. அதில் பனையேறிக்கு எவ்வளவு, கூழ் வைத்த அம்மாவுக்கு எவ்வளவு, மீன் கழுவியவருக்கு எவ்வளவு என்பது இல்லை. அதையும் அதே அறிவிப்பில் போடுங்கள். வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வரட்டும். எங்கள் ஊர்க்காரர்களும் தெரிந்துகொண்டு பேரம் பேசட்டும்.

உங்களில் யாராவது இப்படி ஒரு நாளை நடத்திப் பார்க்கத் தயாராக இருந்தால், எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கூழ் நன்றாக இருக்கும், எந்தத் தோப்பில் மரம் ஏறுகிறார்கள் என்று சொல்லவும், முதல் வண்டியில் கூடவே வரவும் நான் தயார். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரி, தாம்பரம்