ஆய்வகத்தில் உதவிய சீனியர் அக்காவுக்கு நன்றி

கணினி அறிவியல் துறை ஆய்வகத்தில் எங்கள் குழுவுக்கு உதவிய சீனியர் அக்காவுக்கு இந்தப் பதிவு. பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்கான நிரல் அது. இரண்டு திரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்), ஒரே கவுண்ட்டரை ஆளுக்கு ஒரு லட்சம் தடவை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். விடை 2,00,000 வரவேண்டும். எங்களுக்கோ ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு எண், எல்லாமே குறைவு. நடுவில் ஒரு பிரிண்ட் வரி சேர்த்தால் விடை மறுபடி மாறும். நிரலுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தோம்.

நீங்கள் கீபோர்டைத் தொடவே இல்லை. கவுண்ட்டரைக் கூட்டும் அந்த ஒரு வரிக்குள் மூன்று வேலை இருப்பதைத் தாளில் எழுதிக் காட்டினீர்கள்: படி, ஒன்று கூட்டு, திரும்ப எழுது. இரண்டு திரெட்டும் ஒரே சமயத்தில் 41-ஐப் படித்தால், இரண்டுமே 42 என்றுதான் எழுதும். ஒரு கூட்டல் காணாமல் போய்விடும். இப்படி எந்த திரெட் எப்போது ஓடுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுவதுதான் ரேஸ் கண்டிஷன். அதற்கு வரையறை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நாங்கள், ஆனால் புரிந்தது அன்றைக்குத்தான். ஜிசிசி கம்பைலரில் இந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிக்கும் திரெட் சானிடைசர் என்ற கருவி இருப்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

மியூடெக்ஸை (ஒரு சமயத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) எங்கே போடுவது என்று எங்களையே யோசிக்கச் சொன்னீர்களே, இப்போது ஒவ்வொரு திரெட்டும் தனியாக எண்ணி, கடைசியில் ஒரே தடவை பூட்டிச் சேர்க்கிறது. சரியாகவும் வருகிறது, வேகமாகவும் ஓடுகிறது. ரொம்ப நன்றி அக்கா.