ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஓர் எண்: பயப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவர் கண்ணில் படுவதற்கு முன்பே நோயாளியின் கைபேசிக்கு வந்துவிடும் காலம் இது. ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தாலோ பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தாலோ வீடே கலங்கிப்போகிறது. அதே சமயம், மாதக்கணக்கில் அசதியோடும் கைகால் மதமதப்போடும் வருபவரிடம் ‘ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லி அனுப்புவதும் நடக்கிறது. இரண்டிலும் பிழை ஒன்றே. எண்ணைப் பார்க்கிறார்கள், அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று பார்ப்பதில்லை. ஆய்வகப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில் வாசகர்களுக்குச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

பெரும்பாலான பரிசோதனைகளில் ‘நார்மல் அளவு’ என்பது, ஆரோக்கியமானவர்கள் பலரிடம் அளந்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவை எல்லையாக வைத்துக்கொள்வது. அப்படியானால் எந்த நோயும் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேர் எப்போதும் எல்லைக்கு வெளியே இருப்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை நோயில்லாத ஒருவருக்குச் செய்தால், அவற்றில் ஒன்றாவது எல்லை தாண்டுவதற்கு ஏறக்குறைய 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. தொந்தரவு ஏதும் இல்லாமல் எழுபது எண்பது பரிசோதனைகளை மொத்தமாகச் செய்துகொள்வதை நாங்கள் ஊக்குவிக்காததற்கு இதுதான் காரணம். கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி போன்றவற்றின் எல்லைகள் மட்டும் வேறு வகை. அவை நோய் வரும் அபாயத்தை வைத்து வகுக்கப்பட்டவை.

அடுத்தது ரத்தம் எடுத்த விதம். பொட்டாசியத்தைப் போல இதில் ஏமாற்றும் பரிசோதனை வேறு இல்லை. கையில் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும், நரம்பு தெரிவதற்காகத் திரும்பத் திரும்ப விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னாலும் பொட்டாசியம் ஏறும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரிக்காமல் ரத்தத்தை அப்படியே குளிர்பெட்டியில் வைத்தாலும் ஏறும்; பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைக்கும் அணுக்களின் பம்பு குளிரில் வேலை செய்யாது. ஊதா மூடி டியூபில் இருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்து மற்ற டியூபில் கலந்துவிட்டால் பொட்டாசியம் மிக அதிகமாகவும் கால்சியம் மிகக் குறைவாகவும் ஒரே ரிப்போர்ட்டில் வரும். இந்த ஜோடியைக் கண்டால் முதலில் டியூபைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் சந்தேகம் வேறு, அலட்சியம் வேறு. உண்மையிலேயே உயர்ந்த பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடியது. எண் 6-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கே மறுபடி ரத்தம் எடுத்து, கூடவே ஈசிஜியும் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்கு நேர்மாறான சிக்கல். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடி டியூபின் ஃபுளோரைடு இதைத் தடுக்கும் என்றாலும் முழுமையாகத் தடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தட்டணுக்கள் திடீரென்று குறைந்து காணப்பட்டு, ரத்தக் கசிவோ தோலில் புள்ளிகளோ இல்லையென்றால், ஈடிடிஏ-வில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எந்திரத்தின் எண்ணிக்கையில் சிக்காமல் போயிருக்கலாம். ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டிகள் தெரியும். நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கினால் பெரும்பாலும் உண்மை அளவு கிடைத்துவிடும்.

ரத்தம் கொடுப்பவர் அதற்கு முந்தைய நாட்களில் செய்ததும் எண்ணில் தெரியும். கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு தசையிலிருந்து கசியும் சிகே நொதியின் அளவு ஒரு வாரம் வரைகூட உயர்ந்திருக்கும். கூடவே கல்லீரலிலும் தசையிலும் உள்ள ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகள் இரண்டும் ஏறுவதால் கல்லீரல் கெட்டுவிட்டதோ என்ற பயம் வரும். கல்லீரல் நொதியான ஜிஜிடி சரியாக இருந்து சிகே உயர்ந்திருந்தால் தசையைத்தான் முதலில் நினைக்க வேண்டும். நெடுநேரப் பட்டினி, மஞ்சள் நிறமியான பிலிரூபினை ஏற்றும். மற்ற கல்லீரல் அளவுகளும் ஹீமோகுளோபினும் சரியாக இருந்து, மறைமுக பிலிரூபின் மட்டும் 3-க்குக் கீழ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் கில்பர்ட் எனும் தீங்கற்ற பிறவித் தன்மை. முடி, நகத்துக்காக விற்கப்படும் பயோட்டின் மாத்திரையைப் பற்றி யாருமே கேட்பதில்லை. சில எந்திரங்களில் அது தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் அளவைப் பொய்யாகக் குறைத்து, தைராய்டு சுரக்கும் டி4 அளவைப் பொய்யாக உயர்த்தும். இல்லாத தைராய்டு மிகைச் சுரப்புக்கு மருந்து தொடங்கும் அபாயம் உண்டு. மாரடைப்பைக் காட்டும் டிரோப்போனினையும் பொய்யாகக் குறைக்கும் என்பதால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் எச்சரிக்கை விடுத்தது. தினம் 5 முதல் 10 மில்லிகிராம் எடுப்பவர்கள் இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

எந்த எண்ணும் தனியாகப் பேசாது. சிவப்பணுவின் சராசரி அளவு, அதாவது எம்சிவி, 80-க்குக் கீழே போனால் இரும்புச் சத்துக் குறைவு என்று உடனே மாத்திரை எழுதுவது பரவலான வழக்கம். எம்சிவி-யை, மில்லியனில் சொல்லப்படும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எம்சிவி 72, எண்ணிக்கை 4.0 என்றால் விடை 18. இரும்புக் குறைவாக இருக்கலாம். எம்சிவி 68, எண்ணிக்கை 5.9 என்றால் விடை 11.5, 13-க்குக் கீழே வருவதால் தலசீமியா எனும் பரம்பரை ரத்தக் குறைபாட்டைக் கடத்தும் தன்மையாக இருக்கலாம், அவருக்கு இரும்பு மாத்திரையால் பயனில்லை. இது திசைகாட்டும் கணக்கு மட்டுமே. முடிவு சொல்வது இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரஸிஸும்தான். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. ஆனால் உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறிக் குறைவை மறைத்துவிடும். அதனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி-யோடு சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும். இரும்புக் குறைவு உறுதியானால் வேலை முடிந்துவிடவில்லை. ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் இரும்பு எங்கே போகிறது என்று இரைப்பையிலும் குடலிலும் தேடியே ஆக வேண்டும். மாத்திரையில் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்ற திருப்தியில் குடல் புற்றுநோய் கவனிக்கப்படாமல் வளர இடம் கொடுக்கக் கூடாது.

எச்பிஏ1சி-யும் சிவப்பணுவின் ஆயுளைச் சார்ந்தது. இரும்புக் குறைவில் பொய்யாக உயரும். அணுக்கள் சீக்கிரம் அழிந்தாலோ அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ பொய்யாகக் குறையும். வெள்ளணுக்களில் ஒவ்வொரு வகையின் சதவீதத்தைவிட அந்த வகையின் எண்ணிக்கையே முக்கியம். அழற்சியைக் காட்டும் இன்னோர் அளவான ஈஎஸ்ஆர் வயதோடு ஏறும். ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி என்பது தோராயமான மேல் எல்லை. 70 வயதுப் பெண்ணுக்கு 38 என்பது தடித்த எழுத்தில் வந்தாலும் கவலைப்பட வேண்டிய எண் அல்ல.

சிறிய மாற்றம் என்றால் மறுபரிசோதனைதான் சிறந்த மருந்து. ஆனால் நாள் கொடுத்துச் செய்ய வேண்டும். டிஎஸ்எச் சற்றே உயர்ந்து டி4 சரியாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து. காய்ச்சலோ பெரிய நோயோ வந்து தேறும் நேரத்தில் பார்த்த தைராய்டு அளவை நம்ப முடியாது. சிறுநீரக வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால்தான் அது நாள்பட்ட நோய். ஒப்பிடும்போது அதே ஆய்வகம், அதே நேரம், அதே அலகு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஓரிடத்தில் 1.0 என்றும் இன்னோரிடத்தில் 88 என்றும் வந்தால் நோய் முற்றிவிடவில்லை, அலகுதான் மாறியிருக்கிறது.

இனி, எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் தீராத தொந்தரவு. இவர்களுக்குத்தான் நாங்கள் மிகவும் வருந்துகிறோம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் தாழ்ந்து அசதி வரலாம். பி12 குறைவு, ரத்த சோகை இல்லாமலே நரம்புகளைத் தாக்கலாம். ஃபோலிக் அமிலம் சாப்பிடுபவருக்கு ரத்தம் சரியாகி நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகலாம். நெடுங்காலம் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினோ வயிற்று அமிலம் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் பி12 அளவைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட பிறகு பி12 அளந்தால் எண் உயர்ந்துதான் இருக்கும். முதலில் ரத்தம், பிறகு ஊசி. தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, வேறு மருந்துகளின் பக்க விளைவு ஆகியவை வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பிடிபடாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு, தன்னெதிர்ப்பு நோய்க்கான ஏஎன்ஏ-வும் புற்றுநோய்க் குறியீடுகளும் பார்ப்பது புதுக் கவலையைத்தான் தரும். சீரத்தை 40 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:40 அளவில் ஆரோக்கியமானவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ஏஎன்ஏ பாசிட்டிவ் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய்க் குறியீடான சிஏ-125 மாதவிடாயின்போதே ஏறும். அதைவிட இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவருவது பயன் தரும்: தொந்தரவு எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம், எதனால் கூடுகிறது, தூக்கம், எடை, வெப்பநிலை, சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையும் அளவோடு.

சில நிலைகளில் காத்திருக்கவே கூடாது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருந்து காய்ச்சல், சோடியம் 120-க்குக் கீழே இருந்து குழப்பம், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே, தட்டணு 20,000-க்குக் கீழே, கருநிற மலம், நெஞ்சுவலி: உடனே மருத்துவமனை. முயலாமலே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் 5 சதவீதம் குறைவது, மூன்று வாரம் தாண்டிய காய்ச்சல், துணி நனையும் இரவு வியர்வை ஆகியவை இருந்தால், ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேடலை நிறுத்தக் கூடாது.

ரத்தம் எடுத்த நேரம், வெறும் வயிற்றில் எத்தனை மணி நேரம், மாதிரியில் சிவப்பணு உடைந்திருந்ததா, இதே நோயாளியின் முந்தைய அளவு என்ன ஆகிய நான்கையும் எல்லா ஆய்வகங்களும் ரிப்போர்ட்டிலேயே அச்சிட வேண்டும். உங்கள் நாளிதழும் இதை வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதுவரை வாசகர்கள் ரத்தம் கொடுத்த கையோடு நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, அன்று போட்ட மாத்திரைகள் ஆகியவற்றை ரசீதின் பின்புறத்தில் எழுதி, மருத்துவரிடம் ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வகப் பணியாளர்கள் சிலர்