டிசம்பர் மாதக் கடிதம்: விழாவும் பரிசுகளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. இப்பருவத்தில் நம் மாணவர்கள் விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் பரிசுகள் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்திருக்கிறார்கள். மழை விடுமுறையால் விடுபட்ட பாடங்களும் நடத்தி முடிக்கப்பட்டன. அனைவருக்கும் என் வாழ்த்துகள்.

கிறிஸ்துமஸை ஒட்டி உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்து, யாருக்கு யார் கிறிஸ்மா, அதாவது பரிசு தருகிறவர், என்பதைக் கடைசி நாள் வரை மறைத்து விளையாடுவது நம் பள்ளியின் நெடுநாள் வழக்கம். பரிசு 50 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கடந்த ஆண்டு 6-ஆம் வகுப்பில் ரிமோட் கார்களும் கைக்கடிகாரங்களும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டபோது, பனையோலையில் தானே நட்சத்திரம் முடைந்து கொண்டுவந்திருந்த ஒரு குழந்தை, ஆசிரியை அருகில் போய்க் கேட்கும் வரை பையைத் திறக்கவேயில்லை. மகன் தலைகுனியக் கூடாதென்று வட்டிக்குப் பணம் வாங்கியதாக ஒரு தாய் பின்னர் என்னிடம் சொன்னார். புயல் எச்சரிக்கை வந்தால் நாள்கணக்கில் படகு கரையிலேயே நிற்கும் மாதம் இது. அந்த மீனவர் வீடுகளின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலாஸ், 4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராக இருந்தவர். வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் பொன் முடிப்புகளைப் போட்டுவிட்டு, யாரும் அறியாமல் அவர் சென்றதாக மரபுக்கதை சொல்கிறது. வாங்குகிறவர் கூசக் கூடாது என்பதற்காகவே கொடுக்கிறவர் மறைந்து நின்றார். நம் விளையாட்டில் பெயரை மறைப்பதும் அதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே இவ்வாண்டு கண்டிப்பாகச் சொல்கிறேன்: கடையில் வாங்கிய பரிசு எதுவும் வகுப்பறைக்குள் அனுமதிக்கப்படாது. கொண்டுவந்தால் அலுவலகத்தில் வாங்கி வைத்து உங்களிடமே திருப்பித் தருவோம். விதிவிலக்குக் கேட்டு யாரும் வர வேண்டாம்.

பிள்ளைகள் தாங்களே எழுதிய வாழ்த்து அட்டை, விதை போட்டு வளர்த்த செடி, படித்து முடித்த கதைப் புத்தகம் ஆகியவற்றைத் தரலாம். கணக்கில் தடுமாறும் தோழனுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுப்பதையும் பரிசாக ஏற்போம். என் மனத்துக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அன்பினால்தான் அந்தப் பரிசுகளை வாங்கினீர்கள் என்பதை அறிவேன். எந்தப் பெற்றோரையும் குறை சொல்வது என் நோக்கமன்று. அந்த அன்புக்கு நன்றி சொல்லி, ஓர் உதவியும் கேட்கிறேன். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்கிற வீடுகளில் ஒரு பங்கு கூடுதலாகச் செய்து, 22-ஆம் தேதி காலை எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். நம் தெருக்களைத் துப்புரவு செய்கிறவர்களுக்கும், சத்துணவு சமைக்கும் அம்மாக்களுக்கும் பிள்ளைகளே தங்கள் கையால் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். டப்பாக்கள் அன்று மாலையே வீடு வந்து சேரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்