திங்கட்கிழமை அவளை அனுப்பட்டுமா?

அன்புள்ள தோழிக்கு,

இங்கு நலம். உன் முட்டிவலி தேவலையா? போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உன்னை யாராவது கவுண்டருக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நூலக அறிவியலில் பி.எல்.ஐ.எஸ். பட்டம் படிக்கிற ஒரு பெண் எங்கள் கிளை நூலகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த ரேக்கைத் துடைக்கணும் மேடம்?" எனக்குச் சுருக்கென்றது. நாம் பயிற்சிக்குப் போன இடம் ஞாபகம் இருக்கிறதா? மூன்று வாரமும் தூசி தட்டினோம், சீல் குத்தினோம். ஒரு வாசகரிடம்கூட நம்மைப் பேச விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கவுண்டரில் என் கை நடுங்கியதை நீதான் பார்த்திருக்கிறாயே. இந்தப் பிள்ளைக்கும் அது வேண்டாம் என்று அன்றைக்கே அவளைக் கவுண்டரில் உட்கார வைத்தேன். பக்கத்து நாற்காலியில் நான்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். "ஏனுங் அம்மிணி, தென்னையில வெள்ளை ஈ விழுதே, அதுக்குப் புத்தகம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" அவள் கணினியில் 'வெள்ளை ஈ' என்று தட்டினாள். எதுவும் வரவில்லை. "இல்லைங்க ஐயா" என்றாள். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "மரத்துக்கு என்ன ஆச்சுன்னு கேளு" என்று அவளிடம் சொன்னேன். கேட்டாள். ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள், கீழ் ஓலையெல்லாம் கரி பூசினாற்போலக் கறுப்பு. 2016இல் நம் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய அதே சுருள் வெள்ளை ஈதான்.

உடனே 632ஆம் எண் அடுக்குக்கு ஓடினாள். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பில் பயிர் நோய்க்கும் பூச்சிக்கும் உரிய எண், அவள் படித்தது சரிதான். ஆனால் அங்கே பொதுவான புத்தகங்களே இருந்தன. "இது எந்தப் பயிருக்கு வந்த பூச்சி?" என்றேன். ஒரு நிமிடம் நின்றாள். பிறகு 634.61, தென்னை. சாகுபடிப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள், அப்புறம் நான் கோப்பில் வைத்திருந்த துண்டுப் பிரசுரங்களையும் தேடி எடுத்தாள். பெரியவருக்குப் பொடி எழுத்து தெரியவில்லை, அவளே வாசித்துக் காட்டினாள். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம், ஓலையின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம், கண்டபடி மருந்தடித்தால் ஈயை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும். "மருந்து நேத்தே வாங்கி வெச்சுட்டனுங்களே" என்றார் அவர். அதைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயே திறக்கவில்லை.

ஆனாலும் சாயங்காலம், "பி.எட். போயிருக்கலாமோன்னு தோணுது மேடம்" என்றாள். நம் நாட்டு நூலகவியலின் தந்தை ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவளுக்கு, அவரே ஓடப் பார்த்தவர் என்பது தெரியவில்லை. கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ந்தார். சில நாளிலேயே தனிமை தாங்காமல் மாநிலக் கல்லூரிக்குத் திரும்பிவிடத் துடித்தார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். அங்கே அவருக்கு பெர்விக் சேயர்ஸ் ஆசிரியராகக் கிடைத்தார். குராய்டன் நூலகத்தை நடத்தியவர். ரங்கநாதன் இங்கிலாந்து முழுக்க நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்ததும் அப்போதுதான். அந்தப் படிப்பு வகுப்பறையோடு நின்றிருந்தால் அவர் கணக்குக்கே போயிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வேலை கிடைக்குமா என்றும் கேட்டாள். பணியிடங்கள் குறைவு, அரசுத் தேர்வை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்காதே என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். நூலக வேலைகளுக்கான கோஹா மென்பொருளும் மின்னிதழ்களில் தேடுவதும் கைக்கு வந்துவிட்டால் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் தைரியமாக விண்ணப்பிக்கலாம். அதை இங்கே என்னால் சொல்லித்தர முடியாது. உன் கல்லூரி நூலகத்தில் மின்னிதழ்களையும் மின்னூல்களையும் படிக்கத் தரும் என்-லிஸ்ட் திட்டம் இருக்கிறது, ஆராய்ச்சி மாணவர்கள் வருகிறார்கள்.

அதனால் கேட்கிறேன், அவளைப் பதினைந்து நாள் உன்னிடம் வைத்துக்கொள்வாயா? உன் முதல்வரிடம் அனுமதிக் கடிதம் வேண்டுமென்றால் அவள் துறைத் தலைவர் தருகிறார். தப்பாகத் தேடினால் தேட விடு, கொஞ்ச நேரம் கழித்துக் கேள்வி கேள். மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். புது இடத்தில் தனியாகச் சாப்பிட்டால் அவளுக்குப் பாதி சோறு இறங்காது.

சரி என்றால் திங்கட்கிழமை காலை கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை, அன்றைக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
உன் தோழி