உரிமைப் பங்குக்குப் பணம் கேட்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் துணிக்கடை நிறுவனத்தில் கொஞ்சம் பங்கு வைத்திருப்பவன் நான். உரிமைப் பங்கு வெளியீட்டுக்கான, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களிடமே புதுப் பங்கு விற்றுப் பணம் திரட்டுவதற்கான கடிதமும் கூடவே வந்த விளக்க அறிக்கையும் கிடைத்தன. புத்தக மதிப்பில், அதாவது சொத்திலிருந்து கடனைக் கழித்தால் ஒரு பங்குக்கு வரும் கணக்கு மதிப்பில், பாதி விலைக்குப் பங்கு கிடைக்கிறது, இதைவிட மலிவாக வராது என்கிறீர்கள். மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தக மதிப்பைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி துணி, அதில் எவ்வளவு போன பருவத்துத் துணி என்பதை மட்டும் எங்குமே சொல்லக் காணோம்.

சமீபத்தில் உங்கள் கடை ஒன்றுக்குள் போய்ப் பார்த்தேன். ஆண்கள் சட்டைப் பிரிவில் நடு அளவுகள் எல்லாம் காலி, மிகச் சின்னதும் மிகப் பெரியதும்தான் வரிசையாகத் தொங்கின. ஒரு சட்டையின் விலைச் சீட்டை நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு சீட்டு, அதற்கும் அடியில் இன்னொன்று. இப்படி விலையைக் குறைத்துக் குறைத்தும் போகாத சரக்கு உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் என்ன விலைக்கு உட்கார்ந்திருக்கிறது? அடக்க விலை, விற்றால் கையில் வரும் விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும் என்பது கணக்கு விதி. எழுதியிருக்கிறீர்களா என்பது சரக்கின் வயதைச் சொன்னால்தானே தெரியும்?

தள்ளுபடியால் கூட்டம் திரும்புகிறது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். சரி, எளிய கணக்காகப் பார்ப்போம். நூறு ரூபாய் விற்பனையில் துணியின் அடக்கம் 50, வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து 45, மிச்சம் 5 என்று வையுங்கள். பத்து சதவீதம் குறைவான துணி விற்றால் வரவு 90, அடக்கம் 45, செலவு அதே 45, லாபம் சுழி. அதே அளவு துணியைப் பத்து சதவீதத் தள்ளுபடியில் விற்றால் வரவு 90, அடக்கம் 50, செலவு 45, ஐந்து ரூபாய் நட்டம். கூட்டம் குறைந்ததைவிடக் கூட்டத்தை வரவழைத்தது அதிகம் கடிக்கிறது. அதற்காகத் தள்ளுபடியை ஒரே நாளில் நிறுத்தவும் முடியாது. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைச் சங்கிலி 2012-இல் அதைத்தான் செய்து பார்த்தது, ஒரே ஆண்டில் விற்பனை சுமார் 1,726 கோடி டாலரிலிருந்து 1,298 கோடிக்கு விழுந்தது.

அப்புறம் அந்த இபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம். மூன்று வருடமாக ஏறுகிறது என்று வரைபடம் போட்டிருக்கிறீர்கள். 2019-இல் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் குத்தகைக் கணக்கு விதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து கடை வாடகையில் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறி இபிட்டாவுக்குக் கீழே போய்விடுகிறது. துணிக்கடைக்குச் சரக்கு, சம்பளத்தோடு நிற்கும் பெரிய செலவே வாடகைதான், அதைக் கழிக்காத லாபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வாடகை கட்டிய பிறகு கையில் நின்ற ரொக்கம் எவ்வளவு என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்.

சொந்தக் கட்டடங்களை விற்றுவிட்டு அவற்றிலேயே வாடகைக்கு இருக்கும் உங்கள் யோசனைதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. பிரிட்டனின் டெபனம்ஸ் கடைச் சங்கிலி 2005-இல் 23 கடைகளை 49.5 கோடி பவுண்டுக்கு விற்று நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. பணம் அன்றைக்கு வந்தது, கூட்டம் குறைந்த காலத்தில் மூட நினைத்தாலும் எளிதில் மூட முடியாத கடைகள் கழுத்தில் தொங்கின. 2021 மே மாதம் கடைசிக் கடையும் மூடியது. கடனும் போட்டியும் சேர்ந்துதான் அதைச் சாய்த்தன, ஆனால் குத்தகையின் பங்கு சின்னதில்லை.

கடை வைத்துத் துணி விற்கும் காலம் முடிந்தது என்று சொல்பவன் இல்லை நான். அமெரிக்கத் துணிக்கடை நிறுவனமான அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் பெரிய பெரிய கடைகளை மூடி, சின்ன கடைகளுக்கு மாறி, துணியையும் மாற்றி எழுந்து வந்தது, 2023-இல் மட்டும் அதன் பங்கு விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. உங்களாலும் முடியலாம். அதை நம்ப எனக்கு வேண்டியது, எந்தக் கடை வாடகை போக லாபம் பார்க்கிறது, எந்தக் கடையின் குத்தகை எப்போது முடிகிறது, ஆறு மாதத்துக்கு மேலான சரக்கு எவ்வளவு, துணி தருபவர்கள் இன்னும் கடனுக்குத் தருகிறார்களா அல்லது ரொக்கம் கேட்க ஆரம்பித்துவிட்டார்களா என்பதுதான். கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது மழுப்பாமல் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் உங்களை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

வெளியீடு முடிவதற்குள் இவை வந்தால் என் பங்குக்கு உரிய பணத்தைக் கட்டுகிறேன். வராவிட்டால் புதுப் பங்கு வாங்க எனக்குள்ள உரிமையைச் சந்தையில் விற்றுவிடுவேன், கிடைப்பது சொற்பமானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு சிறு பங்குதாரர்