முதலில் கணக்கைக் காட்டுங்கள்: பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மறுபடியும் துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறது. விவரம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும்: மோட்டார் சைக்கிள், தலைக்கவசம் அணிந்த இருவர், தப்பியோட்டம். துப்பாக்கிச் சட்டத்தை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்ற பேச்சும் வழமைபோல் மறுநாளே தொடங்கிவிட்டது. அந்தப் பேச்சுக்காகத்தான் இந்த மடல்.

இருக்கிற சட்டத்தில் கடுமைக்கு என்ன குறை, ஐயா? 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1996இல் அதைத் திருத்தி, தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்தாலே ஆயுள் தண்டனை வரை போகலாம் என்றும் எழுதியாயிற்று. தற்காப்புக்கென அனுமதி பெற்ற துப்பாக்கிகளை வெலிசறைக் கடற்படைக் களஞ்சியத்தில் 2024 நவம்பரில் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. ஒழுங்காக அனுமதி எடுத்த கனவான்கள் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள். எங்கள் பகுதியில் சுடுகிறவன் அனுமதிப்பத்திரத்துக்காக எந்த அலுவலகத்திலும் வரிசையில் நின்றவன் அல்லன். 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் துப்பாக்கி போனது, நடுவில் குழி வெட்டிய சட்டப் புத்தகம் ஒன்றில். சட்டம் துப்பாக்கிக்கு அதைவிடப் பெரிய உபகாரம் செய்துவிட முடியாது.

துப்பாக்கி எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் ஊகிக்க வேண்டியதுமில்லை. ஒரே இராணுவ முகாமிலிருந்து ரி-56 ரகத் தானியங்கித் துப்பாக்கிகள் 73 பாதாள உலகத்துக்குப் போயின, 38தான் மீட்கப்பட்டன என்று ஜனாதிபதியே அதே மாதம் பாராளுமன்றத்தில் சொன்னார். மிச்சம் 35. ஆகவே தயவுசெய்து முதலில் கணக்கைக் காட்டுங்கள். எந்த ஆயுதக் களஞ்சியத்தில் எத்தனை குறைகிறது, திறப்பு யாரிடம் இருந்தது, அவர் இன்று எங்கே இருக்கிறார்?

இனி, சுடும் கைகள். எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒரு பையன் இருக்கிறான். சாதாரண தரம் சித்தியடைந்து, ஏசி திருத்தும் வேலையைப் பழகியவன். நேர்முகத் தேர்வுகளில் கொழும்பு 13 என்ற எங்கள் பகுதி விலாசத்தைப் பார்த்ததும் படிவத்தை மூடிவிடுகிறார்கள். அதனால் அவனுடைய தாய், வத்தளையில் இருக்கும் தன் அக்காவின் விலாசத்தை எழுதச் சொன்னார். ஒரு நிறுவனம் வேலை தரச் சம்மதித்து, மின்கட்டணப் பட்டியலின் பிரதியையும் கிராம சேவகரின் சான்றிதழையும் கேட்டது. பட்டியல் பெரியம்மாவின் பெயரில், வத்தளையில், சான்றிதழ் கொட்டாஞ்சேனையில். இரண்டும் பொருந்தவில்லை. வேலையும் போய், பொய்யன் என்ற பெயரும் வந்தது.

வேலை வந்து சேராத இந்த விலாசத்துக்கு ஐஸ் என்ற போதைப்பொருள் மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது. முதலில் சும்மா, பிறகு கடனுக்கு. கடன் ஏறியதும், ‘ஒரு பைக்கை ஓட்டிவிட்டு வா, தீர்ந்தது’ என்று வெளிநாட்டிலிருந்து ஒரு குரல் வாட்ஸ்அப்பில் சொல்கிறது. நான் சொன்ன பையன் அந்தப் பக்கம் போகவில்லை. போனவர்களையும் அவர்களின் தாய்மாரையும் எனக்குத் தெரியும்.

கூலி பேசியவன் யார் என்று பிடிபட்டவனிடம் கேட்கலாம் அல்லவா? ஆனால் நம் நாட்டில் பிடிபட்டவனுக்கு ஒரு விசித்திரமான பழக்கம்: ஆயுதம் இருக்கும் இடத்தைக் காட்ட அழைத்துச் சென்றால், பொலிஸாரின் துப்பாக்கியைப் பறிக்கப் பார்த்து இறந்துபோகிறான். 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனைத் துப்பாக்கிச் சூடு ஒன்றுக்காகக் கைதான இருவரும் துப்பாக்கியைப் பறிக்க முயன்றே இறந்தார்கள் என்று பொலிஸ் தரப்பு சொன்னது. துப்பாக்கி தந்தவனின் பெயரும் அவர்களோடு போயிற்று. அந்தப் பெயர் வெளியே வராமல் போவதில் யாருக்கு நிம்மதி என்று கேட்டால், எங்களையும் பாதாள உலகத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் என்பீர்கள்.

மரியாதை தவறியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். களஞ்சியக் கணக்கை எந்தத் திகதியில் பாராளுமன்றத்தில் வைப்பீர்கள் என்று அறிவியுங்கள். ஐஸ் பழக்கத்திலிருந்து மீள விரும்பும் பையனைத் தாயே கையைப் பிடித்துக் கூட்டிப்போகக்கூடிய, பொலிஸ் வாசலில் ஏறத் தேவையில்லாத ஒரு சிகிச்சை நிலையத்தை வடகொழும்பில் திறந்து தாருங்கள். இந்த இரண்டும் நடந்த பிறகு சட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கடுமையாக்குங்கள். நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசி ஒருவர்