மருதாணிக் கிண்ணம் வரையச் சொல்லாதீர்கள்

கண்காட்சிக் குழுவினருக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் நான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சிறுமியின் படத்தை இரண்டாம் நாளே சுவரிலிருந்து இறக்கிவிட்டீர்கள், பக்கத்தில் ஒரு மருதாணிக் கிண்ணம் வரைந்து கொடுத்தால் திரும்ப மாட்டுகிறோம் என்று வரைந்த பையனிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். சிறுமியின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு. மருதாணி என்றால் விரல் நுனியில் தொப்பியும் உள்ளங்கையில் வட்டமும் இருக்கும், இது புறங்கையில் வழிந்து காய்ந்திருக்கிறது. பின்னால் தம்பி குப்புறப் படுத்திருக்கிறான், ஒரு காலில் மட்டும் செருப்பு. தூங்குகிறானா, விழுந்து கிடக்கிறானா? அவள் முகத்தைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. அடி வாங்கின பிள்ளைக்கும் அடித்துவிட்டு வந்த பிள்ளைக்கும் சில நேரம் ஒரே முகம்தான், வகுப்பில் நிற்கிற எங்களுக்கு அது தெரியும்.

குழந்தைகள் வருகிற இடம் என்றீர்களாம். முதல் நாளே என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்தேன். "மருதாணி சார்" என்றான் ஒருவன். "இல்ல சார், தம்பிய அடிச்சிருக்கா" என்றாள் இன்னொருத்தி. சண்டையே வந்துவிட்டது. ஒரு பெண் மட்டும் ஒன்றும் சொல்லாமல், வரிசை நகர்ந்த பிறகும் அந்த ஒற்றைச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிண்ணம் இருந்திருந்தால் மூன்று பேரும் அரை நிமிஷத்தில் தாண்டிப் போயிருப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த மார்லீன் டூமாஸ் 1994-ல் தன் மகளையே வரைந்து 'ஓவியர்' என்று பெயர் வைத்தார். ஒரு கை சிவப்பு, மறு கை கருநீலம். பிள்ளை சாயத்தில் விளையாடியதுதான், ஆனால் பார்த்ததும் ரத்தம் என்று நெஞ்சு பதறும். தூரிகையோ சாயக் கிண்ணமோ அதில் கிடையாது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, அவ்வளவு தூரம் ஏன்? சித்திரைப் பரணிக்குத் திருச்செங்காட்டங்குடி அமுது படையலுக்குப் போகிறோம். சிறுத்தொண்ட நாயனார் சிவனடியாருக்கு விருந்து படைக்கத் தன் பிள்ளை சீராளனையே அரிந்து சமைத்த கதையை மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்கிறோம். கடைசியில் சீராளன் ஓடி வந்துவிடுவான் என்று தெரிந்திருப்பதால் கேட்க முடிகிறது. இந்தப் படத்தில் யாரும் ஓடி வரவில்லை. உங்களைத் தொந்தரவு செய்தது அதுதான் என்று நினைக்கிறேன், என்னையும்தான்.

கண்காட்சி முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. படத்தை இருக்கிறபடியே திரும்ப மாட்டுங்கள், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டினால் இன்னும் நல்லது. பெற்றோர் யாராவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமென்றால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வந்து படத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன்.